தாச்சியில் மிஞ்சும் எண்ணெயும் வாசலில் நிற்கும் லொறியும்

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வாசலில் லொறி நிற்கும், ஓடாது. அல்லது லொறியும் வீட்டுக்காரரும் டீசல் வரிசையிலேயே இரண்டு நாள், மூன்று நாள் என்று கிடப்பார்கள். நீங்கள் பிளாஸ்கில் தேநீரும் பார்சலில் சோறும் கட்டிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருப்பீர்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாவைத் தொட்டது. அத்தோடு, அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று ஜூலை 10ஆம் திகதி வரை கட்டுப்பாடும் வந்தது.

அந்த நாட்களில் உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர், தம்பியோ மகனோ மச்சானோ, இந்தக் கதையைக் கொண்டுவந்திருக்கக்கூடும்: "பொரித்த எண்ணெயிலும் லொறி ஓடுமாமே! பின்வளவில் வைத்து நாமே காய்ச்சிக்கொள்ளலாமாமே!"

ஓடும். அதில் பொய்யில்லை. ஆனால் எப்படி ஓடும், எவ்வளவு தூரம் ஓடும், எதைக் கெடுக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. கெடுவது லொறியின் பம்பு மட்டுமானால் பரவாயில்லை. அதே வளவில்தான் உங்கள் பிள்ளைகளும் விளையாடுகின்றார்கள். ஆகையால் இது ஆண்களின் கராஜ் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் அடுப்படியில் இருந்து தொடங்கும் கதை இது. எங்கே செய்வது, எந்தப் பாத்திரத்தில் செய்வது, செய்வதா இல்லையா என்பதில் உங்களுக்கும் ஒரு சொல் உண்டு.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடோல்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளரின் காலத்திலேயே, 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பெற்றோலியம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அது மறந்துபோயிற்று. பின்னர் 1937இல் பெல்ஜியம் நாட்டில் முள்ளுத்தேங்காய் எண்ணெயை இரசாயன முறையில் மாற்றி எரிபொருளாக்கும் வழிக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த எரிபொருளில் பிரசல்ஸ் நகருக்கும் லூவன் நகருக்கும் இடையே ஒரு பஸ் ஓடியது. இன்று 'பயோடீசல்' என்று சொல்வது ஏறக்குறைய அதைத்தான்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை பூகன்வில் தீவினுடையது. பப்புவா நியூகினிக்குச் சொந்தமான, தென்னை நிறைந்த தீவு. அங்கிருந்த செப்புச் சுரங்கத்தை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழ, 1989இல் சுரங்கம் மூடப்பட்டது. 1990 தொடக்கம் அரசாங்கம் தீவைச் சுற்றித் தடை போட்டது. மருந்து இல்லை, டீசல் இல்லை. அந்த மக்கள் தேங்காயைத் துருவி, பால் பிழிந்து, எண்ணெய் காய்ச்சி, அதைக் கொண்டே வாகனங்களையும் மின்பிறப்பாக்கிகளையும் ஓட்டினார்கள். அதே 1990களில் எமது நாட்டின் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதை நேரில் கண்டவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். இல்லாமை வந்தால் மனிதனுக்கு வழி பிறக்கிறது. ஆனால் வேறு வழியில்லாதபோது செய்ததை, வழியிருக்கும்போது செய்யலாமா என்பது வேறு கேள்வி.

அப்படியே ஊற்றினால் என்ன?

பொரித்த எண்ணெயைத் துணியில் வடித்து நேரே டாங்கியில் ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். சமையல் எண்ணெய் டீசலை விட ஏறத்தாழ பத்து மடங்கு தடிப்பானது. டீசல் எஞ்சினில் எரிபொருள் தூவானமாகச் சிதறினால்தான் முழுமையாக எரியும். தடித்த எண்ணெய் சிதறாது. துளித் துளியாக விழும். பாதி எரிந்தது கரியாகி இன்ஜெக்டரின் மூக்கில் படியும். எரியாதது கீழே வழிந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதைக் களியாக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. "பார்த்தீர்களா, ஓடுகிறதே!" என்பார்கள். ஆறாம் மாதம் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டிவரும். அத்தோடு தேங்காயெண்ணெய் 24, 25 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். மலையகத்தில் இருப்பவர்களுக்குப் போத்தலில் உறைந்த எண்ணெயை வெயிலில் வைத்தெடுக்கும் வேலை தெரிந்ததுதானே!

பயோடீசல் அப்படியல்ல. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று ஈர்க்குகளை ஒரு நூலால் கட்டிய விளக்குமாறு போன்றது. நூல்தான் கிளிசரின். மெதனோல் என்ற திரவத்தில் எரிசோடாவைக் கரைத்து, சுமார் 55 பாகை சூட்டிலுள்ள எண்ணெயோடு கலந்து நன்றாகக் கலக்கினால் அந்தக் கட்டு அவிழ்கிறது. ஒவ்வொரு ஈர்க்கும் ஒரு மெதனோலோடு சேர்ந்து தனியாகிவிடும். கனமான கிளிசரின் பழுப்புக் குழம்பாய் அடியில் இறங்க, மேலே தேன் நிறத்தில் டீசலைப் போல மெல்லிய திரவம் நிற்கும். புதிய எண்ணெய் ஒரு லீற்றருக்கு மெதனோல் 200 மில்லிலீற்றரும் எரிசோடா மூன்றரைக் கிராமும் பொதுவான கணக்கு.

பொரித்த எண்ணெய்க்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரு கடை எண்ணெயில் மூன்று நாள் ரோல்ஸ் பொரித்திருப்பார்கள். இன்னொரு கடையில் ஒரு கிழமை மீன் பொரித்திருப்பார்கள். பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் அமிலம் கூடும். அந்த அமிலம் எவ்வளவு என்று ஒவ்வொரு கலனையும் தனித்தனியே சோதித்துத்தான் எரிசோடாவைக் கூட்ட வேண்டும். எண்ணெயில் ஈரமும் இருக்கக்கூடாது. சூடான தாச்சியில் ஒரு துளி விட்டால் சடசடவென்று வெடிக்கிறதா? அப்படியானால் நீர் இருக்கிறது. முதலில் காய்ச்சி நீரைப் போக்கிவிட்டு, நன்றாக ஆறிய பிறகே மற்ற வேலை. இந்த இரண்டிலும் பிழைத்தால் கலன் முழுவதும் வட்டிலப்பம் போல் உறைந்து சவர்க்காரமாகிவிடும். அதை டாங்கிக்கு ஊற்றவும் முடியாது, வெளியே கொட்டவும் முடியாது.

அடுப்படிக்குள் வரக்கூடாதவை

இந்த இடத்தைச் சற்று நிதானமாக வாசியுங்கள். எஞ்சின் கெட்டால் பணம் போகும். இங்கே பிழைத்தால் போவது பணமல்ல.

மெதனோல் பார்வைக்குத் தண்ணீர். மணமும் கடுமையாக இராது. 10 மில்லிலீற்றர், அதாவது ஒரு மேசைக்கரண்டியிலும் குறைவான அளவே, கண்பார்வையைப் பறித்துவிடக்கூடும். 30 மில்லிலீற்றர் உயிரையே எடுக்கக்கூடும். குடித்தால் மட்டுமல்ல, ஆவியைச் சுவாசித்தாலும் தோலில் ஊறினாலும் உடலுக்குள் போகும். மூக்கில் துணி கட்டிக்கொள்வதால் பயனில்லை. இதைவிட மோசமானது, அதன் விளைவு உடனே தெரிவதில்லை. பிள்ளை சிறிது மயக்கமாய்க் கிடந்து எழுந்துவிடும். பயம் நீங்கியது என்று நினைப்பீர்கள். பன்னிரண்டு மணித்தியாலமோ ஒரு நாளோ கழித்துக் கண் மங்கத் தொடங்கும். ஆகவே சந்தேகம் வந்த கணமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டொக்டரிடம் 'ஏதோ குடித்துவிட்டது' என்று சொல்லாமல் 'மெதனோல்' என்ற பெயரையே சொல்ல வேண்டும். அதற்கு மாற்றுமருந்து உண்டு. பெயர் தெரிந்தால் நேரம் மிஞ்சும். சோடாப் போத்தலில், தண்ணீர்ப் போத்தலில் அதை ஒருநாளும் ஊற்றி வைக்க விடாதீர்கள்.

மெதனோல் தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குப் புலப்படாது. 65 பாகைக்குக் கிட்டவே கொதிக்கும். எனவே கேஸ் அடுப்பு, விறகடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, சிகரெட் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. 'அடுப்பில் வைத்து இளஞ்சூட்டில் கிண்டலாம்' என்று யாராவது சொன்னால் அந்தக் கணமே நிறுத்துங்கள். சூடாக்குவதை மெதனோல் சேர்க்குமுன் முடித்துவிட வேண்டும். வேலை நடப்பது வீட்டுக்குள் அல்ல, கூரை மட்டும் போட்ட, நாற்புறமும் காற்றோடும் திறந்த இடத்தில்.

எரிசோடாவும் லேசான பொருளல்ல. கண்ணில் ஒரு தூள் பட்டால் கண் வெந்துவிடும். பட்டுவிட்டால் எலுமிச்சம்புளி, வினாகிரி என்று கைவைத்தியம் பார்க்காமல் ஓடும் நீரில் பதினைந்து, இருபது நிமிடம் விடாது கழுவிக்கொண்டிருந்துவிட்டு டொக்டரிடம் போக வேண்டும். மேலும், உங்கள் அலுமினியச் சட்டிகளை ஒளித்து வையுங்கள்! எரிசோடா அலுமினியத்தை அரித்துத் தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும். துருப்பிடிக்காத எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் கலன்களே இதற்கு ஏற்றவை. ஒருமுறை இதற்குப் பாவித்த கலனோ அகப்பையோ மறுபடி சமையலுக்கு வரக்கூடாது.

அடியில் தங்கும் கிளிசரினைச் சவர்க்காரமாக்கிக் கை கழுவலாம் என்பதும் ஒரு பரவலான பேச்சு. அதில் மெதனோல் மிச்சமிருக்கும். அதை முற்றாக அகற்றும் வசதி வீட்டில் இல்லை. எனவே அந்தச் சவர்க்காரம் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

'மெதனோல் என்பதும் மதுசாரம்தானே, அதைக் கையாளலாமா?' என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். இரசாயனக் குடும்பப் பெயரால் அது மதுசாரம். ஆனால் போதைக்காகக் குடிக்கும் பானமல்ல, குடித்தால் கொல்லும் நஞ்சு. மார்க்கத் தீர்ப்பு வேண்டுமானால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

ஜேம் போத்தலில் ஒரு சோதனை

கிளிசரினை வடித்தெடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக அவசரப்படுவார்கள். மேலே நிற்கும் தேன் நிறத் திரவத்தில் சவர்க்காரமும் மெதனோலும் எரிசோடாவும் இன்னும் கலந்திருக்கின்றன. அரிசி களைவது போல் நீர் விட்டுக் கழுவ வேண்டும். முதற் கழுவலில் பலமாகக் கலக்கினால் மோர் போல் திரண்டு பிரியாமல் நின்றுவிடும். பூந்தூறலாகத் தெளித்து மெதுவாக இறங்கவிட வேண்டும். கழுவிய நீர் தெளிந்து வரும் வரை மூன்று, நான்கு முறை. பிறகு ஈரம் போக மெல்லிய சூட்டில் வைத்துக் காற்றாடவிட வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பின்னால் பத்திரிகையை வைத்தால் எழுத்துத் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மங்கலாயிருந்தால் நீர் இன்னும் இருக்கிறது.

கழுவிய நீரை எங்கே ஊற்றுவது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கிழக்குக் கரையிலும் புத்தளம் பக்கத்திலும் மணற்கிணறுகள் ஆழம் குறைந்தவை. இன்று வளவில் ஊற்றுவது நாளை வாளியில் வரும்.

தரம் பார்க்க நீங்களே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பழைய ஜேம் போத்தலில் பாதி இந்த டீசலையும் பாதி தண்ணீரையும் ஊற்றி மூடி, பத்து விநாடி பலமாகக் குலுக்கி வையுங்கள். சில நிமிடங்களில் தெளிவாக இரண்டாகப் பிரிந்தால் ஓரளவு நம்பலாம். இடையில் வெள்ளைப் பாற்படை நின்றால் அது லொறிக்குப் போகக்கூடாது. "கொஞ்சம்தானே, ஊற்றிப் பார்ப்போம்" என்று சொல்பவர் பம்பின் விலையை விசாரித்திருக்கமாட்டார்.

பில்டர்தான் காவற்காரன்

டீசல் பம்பின் உள்ளே ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரோன் மாத்திரமே. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரோன் தடிப்பு. மா அரிக்கும் அரிதட்டின் கண்களோ பல நூறு மைக்ரோன். அரிதட்டில் வடித்து, சேலைத் துணியில் வடித்து 'கண்ணாடி மாதிரி இருக்கிறது' என்று ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பம்பை மணற்தாள் போல் தேய்த்துக்கொண்டேயிருக்கும்.

ஆகவே வடிப்பது பல படியாக நடக்க வேண்டும். பொரித்த எண்ணெயை முதலில் சில நாட்கள் அசையாமல் வைத்து அடிமண்டியைத் தங்கவிட்டு, மேலிருப்பதை மாத்திரம் துணியில் வடிப்பார்கள். பயோடீசல் ஆன பின்னர் 5 மைக்ரோன், முடிந்தால் 1 மைக்ரோன் அளவுள்ள பில்டர் பையிலோ பில்டரிலோ வடித்து, அதன் பிறகே டாங்கிக்கு. லொறியிலும் இரண்டு காவல் வேண்டும்: முதலாவது நீரைப் பிரித்துக் கீழே தேக்கும் குவளையுள்ள பில்டர், இரண்டாவது 10 மைக்ரோனுக்குக் குறைந்த மெல்லிய பில்டர். குவளையில் தேங்கும் நீரைக் கிழமைக்கொரு முறையாவது திறந்துவிட வேண்டும்.

பலரையும் ஏமாற்றும் விடயம் இனித்தான் வருகிறது. பயோடீசல் ஒரு நல்ல அழுக்குநீக்கி. பத்து, இருபது வருடம் ஓடிய லொறியின் டாங்கியில் பழைய டீசலின் கறுப்புக் கசடு ஒட்டிக் கிடக்கும். பயோடீசல் அதையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து பில்டரில் சேர்க்கும். முதல் இரண்டு, மூன்று டாங்கிக்குள் பில்டர் அடைத்து, ஏற்றத்தில் லொறி மூச்சுவாங்கி நின்றுவிடும். உடனே 'எரிபொருள் சரியில்லை' என்று முடிவுகட்டுவார்கள். எரிபொருள் டாங்கியைக் கழுவியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகையால் தொடங்கும்போது டீசலில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கலந்து தொடங்குவதும், புதிய பில்டர் இரண்டை ஆசனத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு புறப்படுவதும் புத்திசாலித்தனம்.

இயற்கை இறப்பருக்கும் பயோடீசலுக்கும் ஒத்துவராது. பழைய லொறிகளின் எரிபொருள்க் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, மிருதுவாகிக் கசியும். 'வைட்டன்' என்ற வகைக் குழாய் தாங்கும். அதற்கு மாற்றிவிட வேண்டும். செம்பு, பித்தளை, நாகம் பூசிய தகரம் ஆகியவையும் இதைக் கெடுக்கும். நாகத்தகரப் பீப்பாயில் சேமித்து வைக்கக்கூடாது. லொறியின் பெயின்ற்றில் சிந்தினால் உடனே துடைக்காவிட்டால் பெயின்ற் உரிந்துவரும்.

இவையெல்லாம் பழைய, சாதாரண பம்பு உள்ள லொறிகளுக்கே. புதிய 'கொமன் ரெயில்' எஞ்சின் என்றால் வீட்டில் காய்ச்சியதை ஒரு லீற்றர்கூட ஊற்ற விடாதீர்கள். அதன் இன்ஜெக்டர்கள் மிக நுண்ணியவை, விலையும் அப்படியே. தரச்சான்று பெற்ற பயோடீசலையே ஐரோப்பாவில் சாதாரண டீசலில் நூற்றுக்கு 7 வீதம் வரைதான் கலக்கிறார்கள்.

நியாயமாக நல்லதையும் சொல்லிவிட வேண்டும். சரியாகச் செய்த பயோடீசலில் கரும்புகை குறையும். மண்ணெண்ணெய் கலந்தால் பம்பு வரண்டு தேயும். இதுவோ பம்புக்கு மசகு தரும். ஒரு லீற்றரில் ஓடும் தூரம் மட்டும் நூற்றுக்கு எட்டு, ஒன்பது வீதம் குறையலாம். புகையில் பொரியல் வாசம் வரும் என்பதையும் மறைக்கக்கூடாது!

நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறி என்றால் இன்னொன்று. தேங்காயெண்ணெயில் செய்த பயோடீசல் குளிரைத் தாங்கும். முள்ளுத்தேங்காய் எண்ணெயில் செய்தது 13, 16 பாகையிலேயே மேகம் போல் கலங்கிப் பில்டரை அடைக்கத் தொடங்கும். தை மாத இரவில் நுவரெலியாவில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். கடைகளில் சேகரிக்கும் எண்ணெய் எது எதோடு கலந்ததென்று யாருக்கும் தெரியாது. கரையோரத்தில் மாதக்கணக்காக ஒழுங்காய் ஓடிய லொறி, மேலே அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாமல் கிடப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

கணக்குப் பார்ப்போமா?

நோன்பு மாதத்தில் சமோசாவும் ரோல்ஸும் பொரித்தும் ஒரு வீட்டில் மிஞ்சும் எண்ணெய் எவ்வளவு? இரண்டு, மூன்று போத்தல். அதில் லொறி ஊரைச் சுற்றிவரலாம், கொழும்புக்குப் போகாது. புதுத் தேங்காயெண்ணெயை வாங்கிக் காய்ச்சுவதோ வீண். அதன் விலை டீசலை விட அதிகம். ஆகவே இது ஷோர்ட் ஈட்ஸ் தொழில், பேக்கரி, ஹோட்டல் என்று வாரந்தோறும் கலன் கணக்கில் எண்ணெய் மிஞ்சும் குடும்பங்களுக்கே பொருந்தும். அங்கேயும் 100 லீற்றர் எண்ணெய்க்கு 20 லீற்றர் மெதனோலின் விலை, எரிசோடா, பில்டர், கெட்டுப்போகும் கலன், ஒருவருடைய இரண்டு நாள் உழைப்பு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். டீசல் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில், அந்த எண்ணெயைச் சேகரிப்பவர்களுக்கு விற்றுவிடுவதே இலாபம் என்று பல வீடுகளில் கணக்கு முடியும். எரிபொருளாக மாற்றுவதற்கென்றே பாவித்த எண்ணெயை ஆசிய நாடுகளிலிருந்து ஐரோப்பா வாங்குகிறது.

எப்படியும் அந்த எண்ணெய் சிங்க்கில் போகக்கூடாது. நான்காம், ஐந்தாம் முறை தாச்சிக்கும் போகக்கூடாது. மூடியுள்ள ஒரு கலனில் வடித்துச் சேருங்கள். கலனில் தண்ணீர் படாமல் பாருங்கள்; வாங்குபவர் எவராயினும் நீர் கலந்த எண்ணெய்க்கு விலை குறைப்பார்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் ஒருவர் செய்தே தீருவேன் என்று நின்றால், அவரிடம் ஒரு வேலையை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒரு சிறு போத்தலில் அந்த டீசலை எடுத்து மூடி, திகதியும் எண்ணெய் எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதும் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டிய அலுமாரியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் எதையும் சேமிக்க விடாதீர்கள். லொறி எங்கேயாவது வழியில் நின்று தொலைபேசி வந்தால், அந்தப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் நீர் தங்கியிருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று நீங்கள் சொன்னால், பில்டரை மாற்றினால் போதுமா, டாங்கியையே இறக்க வேண்டுமா என்பதை மெக்கானிக் அங்கிருந்தே ஊகித்துக்கொள்வார்.